மடிக்குள் புகுந்த பறவைக் காய்ச்சல்: டெக்சாஸ் கறவை மாடுகள், 2024

ஈன்று ஐந்தாறு மாதம் ஆன பசு சீம்பால் கறக்காது. மாடு வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கன்று பிறந்த முதல் சில நாட்களோடு அந்த மஞ்சள் நிறமும் கெட்டித்தன்மையும் போய்விடும். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில வடகோடியில் பான்ஹேண்டில் எனப்படும் பகுதியில், ஈன்று பல மாதங்கள் கடந்த மாடுகள் சீம்பாலைப் போன்ற மஞ்சள் பாலைக் கறக்கத் தொடங்கின. பாலின் அளவும் சட்டென்று விழுந்தது. மாடுகள் தீவனத்தைத் தொடவில்லை. அசை போடுவது குறைந்தது. சாணம் சிலவற்றுக்கு இறுகியும் சிலவற்றுக்கு இளகியும் போனது. லேசான காய்ச்சல் இருந்தது. இத்தனைக்கும் மாடுகள் அதிகம் சாகவில்லை. இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலானவை தேறிவிட்டன. ஆனால் பழைய அளவுக்குப் பால் திரும்பவில்லை.

பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஒன்றுக்கு மேற்பட்ட ஈத்துக் கண்ட, கறவைக் காலத்தின் நடுவிலோ பிற்பகுதியிலோ இருந்த மாடுகள். கிடேரிகளும் பால் வற்றிய மாடுகளும் பெரிதாக நோய்ப்படவில்லை. பின்னர் யோசித்துப் பார்க்கும்போது, விடை அந்தக் கணக்கிலேயே இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கறக்கும் மாட்டுக்கு மட்டும் நோய் வருகிறது என்றால் கறவையில்தான் ஏதோ இருக்கிறது. ஆனால் அன்று அந்த வழியில் யோசிக்கக் காரணம் ஏதும் இல்லை. தீவனத்தில் பூஞ்சை நச்சா, தாதுக் குறைபாடா, வழக்கமான பாக்டீரியா மடிநோயா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்தார்கள். பண்ணைக்குப் பண்ணை இதே கதை. பெயர் தெரியாத நோய்க்கு மருத்துவர்கள் தங்களுக்குள் ‘மர்ம மாட்டு நோய்’ என்று சொல்லிக்கொண்டார்கள்.

திருப்பம் பூனைகளால் வந்தது. வடக்கு டெக்சாஸில் ஒரு பண்ணையில் ஏறத்தாழ 24 பூனைகள் இருந்தன. நோயுற்ற மாடுகளின் பால் விற்பனைக்கு ஆகாது என்பதால் அதைப் பூனைகளுக்கு ஊற்றினார்கள். சில நாட்களில் பாதிக்கும் மேற்பட்ட பூனைகள் செத்துவிட்டன. சாவதற்கு முன் அவற்றின் உடல் விறைத்தது, நடை தள்ளாடியது, கண் தெரியாமல் வட்டமடித்தன, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. மூளை பாதிக்கப்பட்டதற்கான அறிகுறிகள் இவை. பண்ணைகளைச் சுற்றிக் காட்டுப் பறவைகளும் செத்துக் கிடந்தன. பறவைக் காய்ச்சல் பூனையைக் கொல்லும் என்பது இருபது ஆண்டுகளுக்கு முன்பே, ஆசியாவில் புலிகளும் சிறுத்தைகளும் நோயுற்ற கோழி இறைச்சியைத் தின்று இறந்தபோதே, தெரிந்த விஷயம்.

அந்தப் பகுதியின் கால்நடை மருத்துவர் பார்ப் பீட்டர்சன், அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை நோயறிதல் ஆய்வகத்துக்கு மாட்டுப் பாலையும் இறந்த பூனைகளின் உடலையும் அனுப்பினார். மார்ச் 21 அன்று மாதிரிகள் அங்கே வந்து சேர்ந்தன. பூனைகளின் மூளையிலும் மாடுகளின் பாலிலும் இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸ், அதாவது பறவைக் காய்ச்சலும் அடங்கிய ஃப்ளூ வைரஸ் வகை, இருந்தது. பாலில் இருந்த அளவு, பரிசோதித்தவர்களே திகைக்கும் அளவு. மார்ச் 25 அன்று அமெரிக்க வேளாண்மைத் துறை, டெக்சாஸ், கன்சாஸ் மாநிலக் கறவை மாடுகளில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் இருப்பதை உறுதிசெய்து அறிவித்தது. ஏப்ரல் 1 அன்று, டெக்சாஸ் பால்பண்ணைத் தொழிலாளி ஒருவருக்கும் அதே வைரஸ் தொற்றியிருப்பது வெளியானது.

மாட்டுக்கு ஃப்ளூ வராது என்ற நம்பிக்கை

கால்நடை மருத்துவப் பாடங்களில் இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸின் ஓம்புயிர்ப் பட்டியல், அதாவது அது தங்கிப் பெருகும் உயிரினங்களின் பட்டியல், நீளமானது. நீர்ப்பறவைகள்தான் தாய்வீடு. அங்கிருந்து கோழி, பன்றி, குதிரை, நாய், கடல் நாய், மனிதன் என்று வரும். மாடு அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் ஓர் ஓரத்தில் இருக்கும். 2011-இல் அமெரிக்காவில் ஒரு பன்றியிடம் முதலில் கண்டறியப்பட்ட இன்ஃப்ளூயன்சா டி என்ற வேறொரு வகைக்கு மாடுதான் முதன்மை ஓம்புயிர் என்று பின்னர் தெரிந்தது. ஆனால் அது மூச்சுத்தடத்தில் லேசான நோயை உண்டாக்கும் வைரஸ். எனவே மாட்டின் ஃப்ளூ என்றால் மூக்கில் தேட வேண்டும் என்ற எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது.

டெக்சாஸிலும் முதலில் வழக்கமான மாதிரிகளைத்தான் எடுத்தார்கள்: நாசிச் சளி, ரத்தம், சிறுநீர், சாணம். நோய் உறுதியான பிறகு பல மாநிலப் பண்ணைகளின் மாதிரிகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், பால் மாதிரிகளில் மூன்றில் இரண்டு பங்கில் வைரஸ் இருந்தது. நாசி மாதிரிகளில் ஐந்தில் ஒன்றில்தான் இருந்தது. அதுவும் சொற்ப அளவில்.

எனக்கு வருத்தம் தரும் செய்தி ஒன்று உண்டு. 1953-இல் கனடா ஆய்வாளர்கள் பசுவின் மடிக்குள் இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸைச் செலுத்திப் பார்த்து, அது அங்கே தங்கிப் பெருகுவதைக் கண்டு கட்டுரையாக வெளியிட்டிருந்தார்கள். எழுபது ஆண்டுகள் அந்தக் கட்டுரை அலமாரியில் கிடந்தது. தெரியாமல் போன விஷயம் என்று இதைச் சொல்ல முடியாது. தெரிந்து, பயன் இல்லை என்று ஒதுக்கிவைத்து, மறந்துபோன விஷயம்.

மடிக்குள் என்ன இருந்தது

ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். விலங்கு செல்லின் மேலே இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் சியாலிக் அமிலம் என்ற மூலக்கூறு தொங்கும். முள் அந்த நுனியைப் பற்றிக்கொண்டால்தான் வைரஸ் உள்ளே நுழைய முடியும். அந்த நுனி சங்கிலியோடு இணையும் விதம் இரண்டு: ஆல்ஃபா 2,3 என்று ஒன்று, ஆல்ஃபா 2,6 என்று மற்றொன்று. வாத்தின் குடலில் முதல் வகை மிகுதி. அதனால்தான் வாத்துகளுக்கு ஃப்ளூ ஒரு குடல் தொற்று. எச்சத்தோடு குளத்து நீரில் கலந்து அடுத்த வாத்துக்குப் போகிறது. மனிதனின் மூக்கிலும் தொண்டையிலும் இரண்டாம் வகை மிகுதி. முதல் வகை நம்மிடம் நுரையீரலின் ஆழத்திலும் கண்ணின் வெண்படலத்திலும் இருக்கிறது. பறவைக் காய்ச்சல் மனிதரிடம் எளிதில் பரவாமைக்கு இது முக்கியக் காரணம். கண்ணைப் பற்றிய செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2024-இல் டென்மார்க், அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து மாட்டின் திசுக்களை எடுத்து இந்தச் சியாலிக் அமிலங்களைச் சாயமேற்றிப் பார்த்தார்கள். பால் சுரக்கும் சிற்றறைகளின் உட்சுவரில் வாத்து வைரஸ் விரும்பும் நுனிகள் நெருக்கமாக இருந்தன. மனித வைரஸ் விரும்பும் வகையும் உடன் இருந்தது. மூச்சுத்தடத்தில் வாத்து வகை நுனிகள் அரிதாகவே இருந்தன. மாடு என்ற ஒரே உடலுக்குள், மூக்கில் கிட்டத்தட்ட மூடிய கதவும் மடியில் அகலத் திறந்த கதவும் இருந்திருக்கின்றன. ஒரு விலங்கு ஒரு வைரஸுக்கு ஓம்புயிரா இல்லையா என்று கேட்பதைவிட, எந்த உறுப்பு, எந்த வழி என்று கேட்பதே சரி என்பதை இந்த நிகழ்வு எனக்குக் கற்றுத் தந்தது.

இதைச் சோதனையாலும் உறுதிசெய்தார்கள். அமெரிக்காவில் கறவைப் பசுக்களின் காம்பு வழியே வைரஸைச் செலுத்தியபோது, டெக்சாஸ் பண்ணைகளில் கண்ட அதே நோய் வந்தது: பால் குறைந்தது, நிறம் மாறியது, மடி வீங்கியது. கன்றுகளுக்கு மூச்சு வழியே கொடுத்தபோது லேசான மூச்சுத்தொற்று மட்டுமே வந்தது. ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் லோஃப்லர் நிறுவனம், மாட்டை ஒருபோதும் பார்த்திராத ஐரோப்பியப் பறவை வைரஸைக் கறவைப் பசுவின் மடிக்குள் செலுத்தியது. அதுவும் அப்படியே பெருகியது. டெக்சாஸ் வைரஸுக்கு என்று தனித் திறமை ஏதும் தேவைப்படவில்லை. மடிக்குள் போய்ச் சேரும் வாய்ப்புத்தான் அதுவரை கிடைக்காமல் இருந்தது.

உள்ளே நுழைந்தால் மட்டும் போதாது

செல்லுக்குள் போன வைரஸ் தன் மரபுப்பொருளை நகலெடுக்க வேண்டும். அதற்குத் தன் சொந்த நொதியோடு, ஓம்புயிரின் புரதம் ஒன்றின் கையையும் பிடிக்க வேண்டும். ஏஎன்பி32 என்பது அந்தப் புரதக் குடும்பத்தின் பெயர். பறவைகளின் ஏஎன்பி32-ஏ புரதத்தில் 33 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டு கூடுதலாக இருக்கிறது; பாலூட்டிகளிடம் அது கிடையாது. பறவையின் நீளமான புரதத்தோடு பழகிய வைரஸ் நொதி, பாலூட்டியின் குட்டையான புரதத்தோடு வேலை செய்யத் தடுமாறும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வெண்டி பார்க்ளே குழுவினர் 2016-இல் இதைக் கண்டறிந்தார்கள். பறவை வைரஸ் பாலூட்டிக்குத் தாவும்போதெல்லாம் பிபி2 என்ற நொதிப் பகுதியில் ஒரே மாதிரி மாற்றங்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்ற நீண்ட நாள் கேள்விக்கு அது விளக்கம் தந்தது.

மாடுகளிடமும் அதுவே நடந்தது. பிபி2-இன் 631-ஆம் இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் போய் லியூசின் என்ற வேறொன்று வந்தது. ஏறத்தாழ எல்லா மாட்டு வைரஸ்களிலும் இந்த மாற்றம் இருக்கிறது. மாட்டின் புரதத்தோடு ஒத்துப்போக அது உதவுகிறது. டெக்சாஸ் தொழிலாளியிடம் எடுத்த வைரஸில் இதற்குப் பதிலாக 627-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் லைசின் வந்திருந்தது. மனிதருக்குத் தாவிய பறவை வைரஸ்களில் பலமுறை பார்த்த மாற்றம்தான் இது.

இந்த வைரஸின் பூர்வீகத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996-இல் சீனாவின் குவாங்டாங்கில் ஒரு வாத்துக் குடும்பப் பறவையிடம் கண்டெடுக்கப்பட்ட எச்5என்1-இன் வழித்தோன்றல் இது. அதன் தொடர்ச்சி 1997-இல் ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேரைக் கொன்றது. 2.3.4.4பி என்ற கிளை 2021-இன் இறுதியில் அட்லாண்டிக்கைக் கடந்து வட அமெரிக்கா வந்தது. அங்கே உள்ளூர்ப் பறவைகளின் சாதுவான ஃப்ளூ வைரஸ்களோடு கலந்து, தன் எட்டு மரபுத் துண்டுகளில் நான்கை மாற்றிக்கொண்டு, பி3.13 என்ற வகையானது. மாட்டு வைரஸ்களின் மரபு வரிசைகளை ஒப்பிட்டவர்கள், 2023-இன் இறுதியிலோ 2024-இன் தொடக்கத்திலோ பறவையிடமிருந்து மாட்டுக்கு ஒரே ஒரு முறை தாவியதிலிருந்துதான் அந்தப் பெரும் பரவல் முழுவதும் கிளைத்தது என்று கணித்தார்கள்.

கறவைக் கூடத்தில்

மூக்கு வழிப் பரவல் மந்தம் என்றால் ஒரு மாட்டின் மடியிலிருந்து இன்னொரு மாட்டின் மடிக்கு வைரஸ் எப்படிப் போகிறது? இதற்கு நவீனக் கறவைக் கூடத்தை மனக்கண்ணால் பார்க்க வேண்டும். மாடுகள் இருபுறமும் மேடையில் வரிசையாக நிற்கும். தொழிலாளி நடுவே பள்ளத்தில் நிற்பார், குனியாமல் வேலை செய்வதற்காக. மாட்டின் மடி அவர் மார்புக்கும் முகத்துக்கும் நேரே வரும். ஒவ்வொரு காம்பையும் துடைத்து, முதல் சில பீச்சுகளைக் கையால் கறந்து பார்த்து, நான்கு ரப்பர்க் குவளைகளை மாட்டுவார். ஐந்தாறு நிமிடத்தில் அவை கழன்றுவிடும். அதே குவளைகள் அடுத்த மாட்டுக்குப் போகும். இடையிடையே தரையையும் கருவிகளையும் அழுத்த நீரால் கழுவுவார்கள். பாலும் நீரும் சிறு துளிகளாகத் தெறிக்கும்.

ஒரு மில்லிலிட்டர் பாலில் கோடிக்கணக்கில் வைரஸ் இருக்கும்போது இந்தக் கூடத்தின் ஒவ்வொரு ரப்பர் வளையமும் பரப்பும் கருவியாகிவிடுகிறது. கருவிகளின் ரப்பரிலும் எஃகிலும் படிந்த காய்ச்சாத பாலில் வைரஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிர்ப்போடு இருப்பதை ஆய்வகத்தில் பார்த்தார்கள். கருவி மட்டுமே வழி என்று நான் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் நோயுற்ற பண்ணைகளின் காற்றிலும் கழிவுநீரிலும்கூட வைரஸைக் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் கிடேரிகளைவிடக் கறவை மாடுகளே ஏன் வீழ்ந்தன என்பதற்குக் கறவையைத் தவிர வேறு நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. கன்று மட்டும் குடித்துவந்த காலத்தில் இந்த வழி வைரஸுக்குக் கிடைத்திருக்காது. ஒரு மடியை இன்னொரு மடியோடு இணைத்தது மனிதனின் ஏற்பாடு.

மாநிலம் விட்டு மாநிலம் போனதும் மனித ஏற்பாட்டில்தான். 2024 மார்ச்சில், நோய்க்கு இன்னும் பெயர் தெரியாத நாட்களில், டெக்சாஸிலிருந்து 42 மாடுகள் லாரியில் ஒஹையோ மாநிலப் பண்ணை ஒன்றுக்குப் போயின. ஏற்றும்போது அவை நலமாகவே இருந்தன. ஒஹையோ மந்தையில் 3,876 மாடுகள். அவற்றில் 777 மாடுகள், அதாவது ஐந்தில் ஒன்று, வெளிப்படையாக நோயுற்றன. நோயுற்ற ஒவ்வொரு மாடும் இரண்டு மாதத்தில் சராசரியாக 900 கிலோ பாலை இழந்தது. அந்த ஒரு பண்ணையின் இழப்பு ஏறத்தாழ 7,37,500 டாலர். பின்னர் அந்த மந்தையில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, பரிசோதித்த மாடுகளில் 89 விழுக்காட்டில் ஆன்டிபாடி இருந்தது. அவற்றில் நான்கில் மூன்று பங்கு மாடுகள் எந்த அறிகுறியும் காட்டாதவை. கண்ணால் பார்த்து நோயுள்ள மாட்டைப் பிரித்து வைத்துப் பரவலைத் தடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லாமல் போனது.

பால் கறக்கும் மாடுகளை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோகும் முன் பரிசோதிக்க வேண்டும் என்ற கூட்டாட்சி உத்தரவு ஏப்ரல் 29 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் நோய் எட்டு மாநிலங்களைத் தாண்டிவிட்டது. மரபு வரிசைகளை வேளாண்மைத் துறை ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் பொதுவில் வைத்தபோது அவற்றில் மாநிலத்தின் பெயரும் இல்லை, மாதிரி எடுத்த நாளும் இல்லை. ‘அமெரிக்கா, 2024’ என்று மட்டும் இருந்தது. உலகெங்கும் அந்தத் தரவுக்காகக் காத்திருந்த ஆய்வாளர்கள் எந்தப் பண்ணையிலிருந்து எந்தப் பண்ணைக்குப் போனது என்று கணிக்கவே முடியாமல் தவித்தார்கள். ஒரு தொற்றின் முதல் மாதத்தில் நாளும் இடமும் மறைக்கப்படுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அந்தத் துறை அறியாமல் இருந்திருக்க முடியாது. எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு.

கண்

டெக்சாஸ் தொழிலாளிக்கு இருமல் இல்லை, மூச்சுத்திணறல் இல்லை, நுரையீரல் தெளிவாக இருந்தது. கண்கள் மட்டும் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தன. கண்ணில் எடுத்த மாதிரியில் வைரஸ் மிகுதியாக இருந்தது. மார்புக்கு நேரே மடி, முகத்துக்கு நேரே தெறிக்கும் பால், கண்ணின் வெண்படலத்தில் வாத்து வகைச் சியாலிக் அமிலம்: மூன்றும் அந்தப் பள்ளத்தில் சந்தித்தன. அதற்குப் பின் தொற்றிய பால்பண்ணைத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கும் கண்சிவப்புத்தான் முதல் அறிகுறி.

மிச்சிகன், கொலராடோ மாநிலங்களில் நோயுற்ற பண்ணைகளில் வேலை செய்த 115 பேரின் ரத்தத்தைப் பின்னர் பரிசோதித்தார்கள். 8 பேருக்குத் தொற்று வந்துபோன அடையாளம் இருந்தது. அந்த எட்டுப் பேருமே பால் கறந்தவர்கள் அல்லது கறவைக் கூடத்தைக் கழுவியவர்கள். இந்த வேலையைச் செய்வோரில் பெரும் பகுதியினர் வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கண் சிவந்தது என்று சொல்லிப் பரிசோதனைக்குப் போனால் சம்பளம் போகும், வேலை போகும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. கணக்கில் வந்த மனிதத் தொற்றுகளைத் தவிர, வராதவையும் இருந்திருக்கும் என்பதற்கு அந்த எட்டுப் பேரே சாட்சி.

வைரஸ் மாட்டிலிருந்து மறுபடி கோழிக்கும் போனது. 2024 ஜூலையில் கொலராடோவின் முட்டைக்கோழிப் பண்ணைகளில், நோயுற்ற கோழிகளை அழித்த தொழிலாளர்கள் 9 பேருக்குத் தொற்றியது. கடும் வெயில், கொட்டகைக்குள் காற்றாடிகள் தூசியையும் இறகையும் சுழற்றிக்கொண்டிருந்தன, முகக்கவசம் வியர்வையில் நிற்கவில்லை. 2025-இன் தொடக்கம் வரை அமெரிக்காவில் எச்5 தொற்றியதாக உறுதியானவர்கள் 70 பேர்; அவர்களில் 41 பேருக்குத் தொடர்பு கறவை மாடுகளோடு. லூயிசியானாவில் ஒருவர் இறந்தார். அவருக்கு வந்தது டி1.1 என்ற வேறு வகை. வீட்டுக் கோழிகள், காட்டுப் பறவைகள் வழியாக வந்தது.

மனிதரிடமிருந்து மனிதருக்கு இந்த வைரஸ் பரவியதாக அங்கே உறுதியாகவில்லை. அதற்கான தூரம் எவ்வளவு என்பதை ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தார் 2024 டிசம்பரில் காட்டினார்கள். ஹீமக்ளூட்டினின் முள்ளில் 226-ஆம் இடத்தில் குளுட்டமின் போய் லியூசின் வந்தால் போதும், அந்த ஒரே மாற்றத்தில் முள்ளின் பிடி வாத்து வகையிலிருந்து மனித வகைக்குத் திரும்பிவிடுகிறது. முள்ளின் பிடி மட்டுமே பெருந்தொற்றாகாது. வேறு மாற்றங்களும் கூடிவர வேண்டும். ஆனால் மாட்டின் மடியில் இரண்டு வகை நுனிகளும் அருகருகே இருக்கின்றன என்பதை இதோடு சேர்த்துப் படித்தால் என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

பாலைப் பரிசோதித்தபோது

கடைப் பாலைப் பற்றிய அச்சம் ஏப்ரலிலேயே எழுந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கடைகளில் வாங்கிய பால் மாதிரிகளில் ஐந்தில் ஒன்றில் வைரஸின் மரபுத் துணுக்குகள் இருந்தன. பாஸ்டரைஸ் செய்த 297 பால் பொருள்களில் உயிருள்ள வைரஸ் இருக்கிறதா என்று வளர்த்துப் பார்த்தார்கள், ஒன்றில்கூட இல்லை. சூடு வைரஸைக் கொன்றிருந்தது. காய்ச்சாத பாலைக் குடித்த எலிகளோ ஆய்வகத்தில் நோயுற்றன. டெக்சாஸ் பூனைகள் ஏற்கெனவே சொன்ன சேதி அது.

அந்த ஐந்தில் ஒன்று என்ற கணக்கு வேறொன்றையும் சொன்னது: அறிவிக்கப்பட்டதைவிட நோய் மிகப் பரந்திருந்தது. டிசம்பர் 6 அன்று நாடு முழுவதும் பால் சேமிப்புக் கலன்களிலிருந்து மாதிரி எடுக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 18 அன்று கலிஃபோர்னியா ஆளுநர் அவசர நிலையை அறிவித்தார். நெவாடாவில் கலன் பாலைப் பரிசோதித்ததில் கிடைத்த துப்பு, 2025 ஜனவரி இறுதியில் டி1.1 வகை மாடுகளுக்குள் வந்திருப்பதைக் காட்டிக்கொடுத்தது. பிப்ரவரியில் அரிசோனாவில் அதே வகை இன்னொரு முறை தாவியிருந்தது. பறவையிடமிருந்து மாட்டுக்குப் போவது நூற்றாண்டில் ஒருமுறை நிகழும் அதிசயம் என்று 2024-இல் நினைத்தவர்களுக்கு ஓராண்டுக்குள் மூன்று தாவல்கள் கணக்கில் வந்துவிட்டன.

2025 மார்ச்சில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு பண்ணையில் பறவைகளுக்கு எச்5என்1 வந்திருந்தது. அதே பண்ணையில் செம்மறி ஆடுகளும் இருந்தன. அந்த ஆடுகளையும் பரிசோதித்தார்கள். மடிநோயோடு இருந்த ஒரே ஒரு தாயாட்டிடம் வைரஸ் கிடைத்தது. உலகில் செம்மறி ஆட்டிடம் பறவைக் காய்ச்சல் அறிவிக்கப்பட்டது அதுவே முதல் முறை. அந்த ஆட்டின் பாலைக் கறந்து மறுபடியும் பரிசோதித்தபோது பாலிலும் வைரஸ் இருந்தது.